டார்ச்சை அப்பா பிடிக்கட்டும்!

ஃபேன் ரிப்பேர், மோட்டார் ரிப்பேர், பைக் ரிப்பேர் என வீட்டில் எது வந்தாலும் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படும் வேலை ஒன்றுதான்: டார்ச் பிடிப்பது. 'இங்க காட்டுடா, எங்க பராக்கு பார்த்துட்டு நிக்கிற?' என்று திட்டு வாங்காமல் வளர்ந்தவர்கள் நம் ஊரில் குறைவு. அப்படி நிற்கும் பிள்ளை ரிப்பேரைக் கற்றுக்கொள்வதில்லை. அப்பா ரிப்பேர் பார்க்கும்போது பக்கத்தில் போகக் கூடாது என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது.

பதின்வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து பழைய ஜீப் ஒன்றைத் தயார் செய்ய ஆசைப்படும் பெற்றோர், முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தை. ஸ்பானர் பிள்ளையின் கையில் இருக்கட்டும். டார்ச்சை அப்பாவோ அம்மாவோ பிடிக்கட்டும்.

ஏன் பழைய ஜீப்?

தேனிப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்பைப் பலர் பார்த்திருப்பார்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு, எலும்பு குலுங்க ஜீப்பில் போனவர்களும் இருப்பார்கள். மஹிந்திராவின் சிஜே, எம்எம் 540 போன்ற அந்த வண்டிகள், இரண்டாம் உலகப் போருக்காக 1941-ல் அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தவை. இந்தியாவில் அவற்றை மஹிந்திரா நிறுவனம் 1947-ல் அசெம்பிள் செய்யத் தொடங்கியது.

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஏணி போன்ற சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பாடி, கீழே பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. எது எதைச் சுற்றுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வாங்கும் நாளிலேயே பிள்ளைக்கு நிஜமான வேலை கொடுக்கலாம். சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பிள்ளையே படித்துச் சொல்லட்டும். சிறிய சுத்தியலால் சேஸிஸைத் தட்டிப் பார்ப்பதும் அவர்கள் வேலைதான். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். நம்பர் ஒத்துப்போகாவிட்டால், 'வேண்டாம்ப்பா' என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருக்கட்டும்.

கணக்கு நோட்டு யாரிடம்?

அதுவும் பிள்ளையிடம். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டைக்கு ஒருநாள் கூட்டிப்போனால் போதும். ஒரே பாகத்துக்கு மூன்று கடையில் மூன்று விலை சொல்வதையும், 'ஒரிஜினல்' என்ற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்பதையும் நேரில் பார்ப்பார்கள். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போய் அளவு ஒத்துப்பார்த்து வாங்குவது நல்லது. பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது.

ஜாக்கியை நம்பாதே!

வேலை தொடங்கும் முன் மூன்று விதிகளை ஷெட் சுவரில் எழுதிவைக்கலாம்.

ஒன்று, ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் ஆக்சில் ஸ்டாண்டு வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போட்ட பிறகே அடியில் போக வேண்டும். ஸ்டாண்டு இல்லாவிட்டால் அன்றைக்கு அந்த வேலை இல்லை.

இரண்டு, ஒயரிங்கில் கைவைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும்.

மூன்று, பழைய பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ ஏர் அடித்தோ ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டித் தூர எறிய வேண்டும்.

வெல்டிங் தெரிந்தவர் கையில் இருக்கட்டும். டேங்க் பக்கம் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

'மிதி... பிடிச்சுக்கோ... விடு!'

மொத்த வேலையிலும் பெற்றோரும் பிள்ளையும் தவறவிடக் கூடாதது பிரேக்கில் ஏர் எடுக்கும் வேலை. தனியாளாகச் செய்வது சிரமம் என்பதே இதன் சிறப்பு.

ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக் பெடலை மிதித்துப் பிடித்திருப்பார். இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிளைத் திறப்பார். டியூப் வழியாகப் பாட்டிலுக்குள் பிரேக் ஆயிலும் காற்றுக் குமிழிகளும் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் காற்று திரும்ப உள்ளே போய்விடும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, குமிழி வருவது நிற்கும்வரை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். நடுநடுவே ஆயில் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் நிப்பிள் பிள்ளையிடமும் பெடல் அப்பாவிடமும் இருக்கட்டும். அதாவது, 'மிதி, பிடிச்சுக்கோ, விடு' என்று பதினைந்து வயது மகள் சொல்ல, அப்பா கேட்டு நடக்க வேண்டும். பல வீடுகளில் இது முதல்முறையாக நடக்கும். அப்பா அவசரப்பட்டுக் காலை எடுத்துவிட்டால், 'சொல்றதுக்குள்ள ஏன்ப்பா விட்டீங்க?' என்று கேட்கும் நியாயமும் மகளுக்கு உண்டு. அந்தக் கேள்விக்கு, 'சரிம்மா, மறுபடி செய்வோம்' என்பதுதான் பதில்.

இது விளையாட்டு வேலை அல்ல. இந்த பிரேக்கை நம்பித்தான் குடும்பமே மலையிறங்கப் போகிறது. அது தெரிந்தே தன்னிடம் வேலையைக் கொடுத்தார்கள் என்பதைப் பிள்ளை மறக்காது. ரோட்டில் இறக்கும் முன், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் காட்டிச் சரிபார்ப்பது கட்டாயம்.

பெரிய டயர் வேணும்ப்பா!

அடுத்து இந்தக் கோரிக்கை நிச்சயம் வரும். 'முடியாது' என்று சொல்வதற்குப் பதில் நோட்டை எடுக்கச் சொல்லலாம். 28 அங்குல விட்டமுள்ள டயருக்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி நிஜத்தில் 66 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பிரேக்குக்கும் வேலை கூடும். உயரத்தைக் கூட்டினால் ஈர்ப்பு மையம் மேலே போகும். கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழும் ஆபத்து அதிகரிக்கும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரை போகலாம்; சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. எதை மாற்றுவதாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

காசு செலவில்லாத மாற்றம் ஒன்று உண்டு. மண்ணிலும் மணலிலும் போகும்போது டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால், டயர் தரையில் பதியும் பரப்பு கூடி, பிடிமானம் கிடைக்கும். குறைப்பதற்கு முன்னும் பின்னும் மணலில் பதிந்த தடத்தைப் பிள்ளையே அளந்து பார்க்கலாம். ரோட்டுக்கு வரும் முன் காற்றை மீண்டும் நிரப்பிவிட வேண்டும்.

சாவி எப்போது?

கஷ்டமான கேள்வி இதுதான். 'நான்தானே ரெடி பண்ணேன், தெரு முனை வரைக்கும் ஓட்டறேனே?' என்று பிள்ளை கேட்கும். பதில், இல்லை. 18 வயதுக்கு முன் பொதுச்சாலையில் ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ஸ்பானரைக் கொடுத்த கையே சாவியை மறுக்கும்போது பிள்ளைக்குக் கோபம் வரும், வரட்டும். காரணத்தை வேலை தொடங்கும் நாளிலேயே சொல்லிவிட்டால் ஏமாற்றம் குறையும்.

லைசென்ஸ் வைத்திருக்கும் பலருக்கும், பெடலை மிதித்தால் வண்டி நிற்கும் என்பது மட்டும்தான் தெரியும். இந்தப் பிள்ளை 18 வயதில் எல்.எல்.ஆர். எடுக்கப் போகும்போது, அந்தப் பெடலுக்குக் கீழே என்ன நடக்கிறது, அது எப்போது ஏமாற்றும் என்பதைத் தன் கையால் தெரிந்துகொண்டு போகும்.