துளியைக் கலக்கும் ஒலியும் நமது ஆய்வுசாலைகளும்

சோதனைக்கென்று நோயாளியிடமிருந்து எடுக்கும் ரத்தம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அவனது வேதனையும் மருந்துச் செலவும் குறையும். ஆகையால் உயிரியல் சாஸ்திரிகள் சென்ற சில பத்தாண்டுகளாக, லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கையும் அதனினும் சிறிய அளவையும் கொண்டே பரீட்சைகளை நடத்த முயன்று வருகிறார்கள். இம்முயற்சிக்கு இடையூறாக நிற்பது யாது? துளி கலக்க மறுக்கிறது என்பதே.

பெரிய பாத்திரத்து ஜலத்தைக் கரண்டியால் கலக்கிவிடலாம். தலைமயிரின் பருமனேயுள்ள கால்வாயிலோ திரவத்தின் பிசுபிசுப்பு மேலோங்கிச் சுழிகளை எழவொட்டாது. இரண்டு திரவங்களை ஒருங்கே விட்டால், பேச்சுவார்த்தையற்ற பங்காளிகளைப் போல அருகருகே ஓடிப் போய்விடும். திரவம் எப்போது சீராக ஓடும், எப்போது சுழித்தோடும் என்பதை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1883-ல் மாஞ்செஸ்டரில் சாயநீரைக் கொண்டே காட்டினார். சுழி இல்லாவிடில், மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதற்குக் காத்திருக்க வேண்டியதுதான். சாதாரணமான புரதப் பொருளொன்று 1 மில்லிமீட்டர் தூரம் அவ்வாறு பரவ ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அத்தனை நேரம் எந்த வைத்தியசாலை காத்திருக்கும்?

இங்கேதான் ஒலி துணைக்கு வருகிறது. நமது காதுக்கு எட்டுவது வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரைதான். இவ்வேலைக்கு உபயோகப்படும் ஒலியோ பெரும்பாலும் கோடிக்கணக்கில் அதிர்வது. மின்சாரத்தால் அதிரும் படிகங்களின் இயல்பை 1881-ல் கியூரி சகோதரர்கள் ஆராய்ந்தார்கள். ஒலி திரவத்தை நகர்த்திச் சுழலச் செய்யும் விதத்தை 1884-லும், திடப்பொருளின் மேற்பரப்பில் தவழ்ந்து செல்லும் அலையை 1885-லும் ராலே பிரபு கணித்து விளக்கினார். லித்தியம் நியோபேட் என்னும் படிகத்தின்மீது சீப்புப் பற்களைப் போன்ற உலோகக் கோடுகளைப் பதித்து மின்சாரம் பாய்ச்சினால் அத்தகைய அலை எழும். அது துளியைத் தொட்டதும் உள்ளே புகுந்து, தன் சக்தியைத் திரவத்துக்கு ஈந்து, அதைச் சுழற்றுகிறது. மணிக்கணக்கான வேலை வினாடிகளில் முடிகிறது. கரண்டியோ குச்சியோ தொடாததால், ஒரு மாதிரியின் அசுத்தம் மற்றொன்றில் ஒட்டும் அபாயமும் குறைகிறது. ஒலி மிஞ்சினால் துளி சூடேறும், உயிரணுவும் புரதமும் கெடும் என்பதையும் மறைக்கலாகாது.

நம் நேயர்கள் நினைவில் வைக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. திரவத்தினுள் செல்லும் மீயொலி ஒளியை எங்ஙனம் சிதறச் செய்கிறது என்பதை 1935-36-ல் பெங்களூரில் வகுத்தவர்கள், திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் ஸி. வி. ராமனும் நாகேந்திர நாத்தும் ஆவர். ராமன் 1934-ல் ஸ்தாபித்த இந்திய சயன்ஸ் அகாடமியின் ஏட்டிலேயே அது வெளிவந்தது. அந்நியராட்சியில் நமது நாட்டில் அச்சேறிய அக்கொள்கையை, ராமன்-நாத் என்ற பெயராலேயே உலகம் இன்றும் வழங்குகிறது. ஒலியால் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கும் கருவியைக் குறித்துச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆகவே நமக்கு அறிவில் பஞ்சமில்லை.

பஞ்சம் வேறிடத்தில் இருக்கிறது. நமது வைத்தியக் கருவிகளில் பெரும்பகுதி இன்னும் கப்பலேறித்தான் வருகிறது. ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது தேச உற்பத்தியில் 1 சதவீதத்துக்கும் குறைவு. தென் கொரியாவோ 4 சதவீதத்துக்கு மேல் செலவிடுகிறது. சர்க்கார் கொள்முதலில் உள்நாட்டுச் சரக்குக்கு முதலிடம் தரும் உத்தரவு 2017-ல் பிறந்தது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் உள்நாட்டில் கருவியே இல்லாதபோது எதற்கு முதலிடம் தருவது? கட்டுரை அச்சானதோடு வேலை முடிந்ததென்று ஆய்வுசாலையும், சான்று பெற்ற கருவி வரட்டுமென்று வைத்தியசாலையும் இருந்தால், இடையிலுள்ள தூரத்தைக் கடப்பவர் யார்?

படிகத் தகட்டில் நுண்கோடு பதிக்கும் பட்டறைகளைச் சிறு தொழிலாளரும் நியாயமான வாடகைக்கு உபயோகிக்க வழி செய்யவேண்டும். அங்கு உருவாகும் கருவிகளைச் சோதித்துக் குறைகளை எழுதித்தரும் பொறுப்பை, ஜில்லாவுக்கு ஓர் அரசாங்க வைத்தியசாலையேனும் ஏற்கவேண்டும். உலகின் க்ஷயரோகிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நமது நாட்டினர். மலிவான, விரைவான பரீட்சை எவருக்கு முதலில் வேண்டுமென்பதைச் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த வரவுசெலவு விவாதத்திலேனும் சுகாதார மந்திரியிடம் கேட்பார்களாக.