அம்மா இல்லாத டான்

1970-களின் நடுவில் பம்பாயில் எந்தத் தயாரிப்பாளரும் வாங்க முன்வராத கதை ஒன்று கதாசிரியர் இரட்டையர் சலீம்-ஜாவேத் கைவசம் கிடந்தது. முறையான தலைப்புகூட அதற்கு இல்லை. ‘அந்த டான் கதை’ என்றுதான் திரையுலகில் பேச்சு. முந்தைய படத்தால் வந்த கடனை அடைக்க வழி தேடிக்கொண்டிருந்த ஒளிப்பதிவாளர் நரிமன் இரானி அதை எடுத்துக்கொண்டார். மனோஜ் குமாரிடம் உதவி இயக்குநராக இருந்த சந்திரா பரோட்டுக்கு இயக்குநராக அது முதல் படம். படம் முடிவதற்குள் இரானி படப்பிடிப்புத்தள விபத்தில் இறந்துபோனார். 1978 மே 12 அன்று அமிதாப் நடித்த ‘டான்’ வெளியானது.

அடுத்த ஆண்டே தெலுங்கில் என்.டி.ஆரின் ‘யுகந்தர்’, 1980-ல் தமிழில் ரஜினியின் ‘பில்லா’, 1986-ல் மலையாளத்தில் மோகன்லாலின் ‘சோப்ராஜ்’. பிறகு 2006-ல் ஷாருக்கான், 2007-ல் அஜித், 2009-ல் பிரபாஸ். இத்தனை முறை எடுத்தும் தீராத சரக்கு அந்தக் கதையில் என்னதான் இருக்கிறது? ‘ஸ்டைல்’ என்பதுதான் வழக்கமான பதில். கோட்டு, கறுப்புக் கண்ணாடி, அலட்டிக்கொள்ளாத வசனம். அது மேல்பூச்சு என்றே நினைக்கிறேன்.

ஆள்மாறாட்டக் கதை ஒன்றும் புதிதல்ல. கொள்ளைக்காரன் போலீஸிடம் சிக்க, அவனை அச்சில் வார்த்தது போலிருக்கும் அப்பாவியைக் கும்பலுக்குள் அனுப்பும் கதையைச் சக்தி சாமந்தா 1962-லேயே ‘சைனா டவுன்’ படத்தில் சொல்லிவிட்டார். அதுவே 1968-ல் எம்.ஜி.ஆரின் ‘குடியிருந்த கோயில்’ ஆனது. அங்கே இருவரும் சகோதரர்கள். கெட்டவனுக்கும் ஓர் அம்மா உண்டு. அவள் பாசத்தில் அவன் கணக்கு நேர்செய்யப்படும்.

சலீம்-ஜாவேத் அந்த நூலை அறுத்தார்கள். டானுக்கும் அவன் இடத்துக்கு அனுப்பப்படும் அப்பாவி விஜய்க்கும் ரத்த உறவு கிடையாது. ஏன் ஒரே முகம் என்று கேட்டால் படத்தில் பதில் இல்லை. இதைவிடத் துணிச்சல், டானுக்குக் கடந்த காலமே இல்லாதது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘தீவார்’ எழுதியவர்களும் இவர்கள்தான். அதில் கடத்தல்காரன் விஜய் கையில் ‘என் அப்பா திருடன்’ என்று பச்சை குத்தியிருக்கும். நடைபாதையில் கழிந்த பிள்ளைப் பருவம் இருக்கும். அவன் குற்றத்துக்குச் சமூகமே சாட்சி சொல்லும். டான் எந்த நியாயமும் கேட்காமல் கொல்கிறான், கடத்துகிறான், படம் பாதியைத் தொடுமுன்பே செத்துப்போகிறான். கடைசி மூச்சிலும் வருத்தம் இல்லை.

டான் செத்த பிறகு வருவதுதான் திரைக்கதையின் அசல் கெட்டிக்காரத்தனம். விஜய் யார் என்று தெரிந்த ஒரே ஆள் போலீஸ் அதிகாரி டிசில்வா. அவரும் கொல்லப்படுகிறார். துணைக்கு வர வேண்டிய இன்டர்போல் அதிகாரியே வில்லன் வர்தான் என்று பின்னால் தெரிகிறது. போலீஸுக்கு அவன் டான், கும்பலுக்கு அவன் துரோகி. தான் தான்தான் என்று நிரூபிக்க ஒரு சிவப்பு டைரியைத் தவிர அவனிடம் எதுவும் இல்லை. ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசிய ஆள் என்று இன்றைய படங்கள் போடும் முடிச்சில் இதன் சாயலைக் காணலாம். ஆள்மாறாட்டமும் தொடர்ந்தது: ‘சிறுத்தை’யில் போலீஸ் சாகத் திருடன் அவன் இடத்துக்கு வந்தான்; ‘கத்தி’யில் நல்லவன் இடத்துக்குக் குற்றவாளி வந்தான்.

பனாரஸ் வெற்றிலைப் பாட்டு முதலில் படத்தில் இல்லை. இரண்டாம் பாதியில் மூச்சுவிட இடமே இல்லை என்று மனோஜ் குமார் சொன்னதால் பிறகு சேர்த்தது. இளைப்பாறலுக்கு வந்த பாட்டு கதைக்கே உதவியது. அதுவரை டானின் விறைப்பைச் சுமந்து திரிந்தவனுக்குத் தன் உடம்பு திரும்பக் கிடைப்பது அங்கேதான்: பாங்கு போதை, வாய் நிறைய வெற்றிலை, கங்கைக்கரைக் கிராமத்தான் ஆட்டம். அமிதாப்பின் நடிப்புக்கு டான் பாத்திரத்தைவிட இந்த விஜய்தான் சான்று என்பேன்.

தமிழில் இந்தக் கதை விழுந்த நேரம் விசேஷமானது. ‘மூன்று முடிச்சு’, ‘பதினாறு வயதினிலே’ படங்களில் வில்லத்தனத்தால் பேர்வாங்கிய ரஜினி, ‘பைரவி’யில்தான் தனி நாயகன் ஆகியிருந்தார். 1979-ல் உடல்நலம் குன்றியபோது, ஆள் இனி அவ்வளவுதான் என்றும் பேச்சு கிளம்பியது. கே.பாலாஜி தயாரிப்பில், ஆர்.கிருஷ்ணமூர்த்தி இயக்கத்தில் வந்த ‘பில்லா’ அந்தப் பேச்சை முடித்துவைத்தது. ரசிகருக்கோ இரட்டை லாபம்: பழைய வில்லனையும் புதிய நாயகனையும் ஒரே டிக்கெட்டில் பார்க்க முடிந்தது. ‘தீ’, ‘படிக்காதவன்’, ‘மிஸ்டர் பாரத்’, ‘வேலைக்காரன்’, ‘பணக்காரன்’ என்று அமிதாப் படங்கள் வரிசையாக ரஜினியிடம் வரச் சாலை போட்டதும் இதுவே.

2006-க்கு வரும்போது பார்வையாளர் மாறிவிட்டார். ஜாவேதின் மகன் ஃபர்ஹான் அக்தர் அப்பாவின் கதையைத் திருப்பிப் போட்டார்: செத்தது டான் அல்ல, விஜய்தான். நல்லவன் என்று நாம் நம்பி உடன் நடந்தவன் டானாகவே தப்பிப் போகிறான். விஷ்ணுவர்தனின் 2007 ‘பில்லா’ கதையை மாற்றவில்லை. ஆனால் மலேசியக் கண்ணாடிக் கட்டடங்கள், யுவனின் இசை, அஜித்தின் நடை எல்லாம் பில்லாவுக்கே போய்ச் சேர்ந்தன. பில்லா இடத்துக்கு வந்த வேலு அவனிடம் கோட்டு இரவல் வாங்கியவன்போல நின்றான்.

‘பில்லா 2’ (2012) சறுக்கியது பில்லாவுக்கு ஒரு கடந்த காலத்தைக் கொடுத்ததில்தான். டேவிட் பில்லாவை இலங்கையிலிருந்து அகதியாக வந்து இறங்கியவன் ஆக்கி, முகாமிலிருந்து அவன் மேலேறிய கதையைச் சொன்னார்கள். பாவப்பட்டவன் பழிவாங்கும் கதைக்குத் தமிழில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அதற்குப் பில்லா என்ற பெயர் தேவைப்படவும் இல்லை. ஈழ அகதியின் துயரமும் அதில் துப்பாக்கிச் சண்டைக்கு முன்னுரையாகச் சுருங்கிப்போனது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘டான் 2’வில் ஃபர்ஹான் அந்த வேலைக்கே போகவில்லை. டான் பெர்லினுக்குப் போய் யூரோ நோட்டு அச்சடிக்கும் தகடுகளைத் திருடினான். ஏன் இப்படி ஆனான் என்று படம் சொல்லவில்லை; திரையரங்கில் யாரும் கேட்கவும் இல்லை.