யாராவது நிற்கட்டும் என்றிருந்தால்

எமது பங்கில் ஒரு காலத்தில் இளைஞர் மன்றத்தில் உழைத்த சகோதரி ஒருவர் இன்று கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே, ஒரு சிறு நகரில் குடும்பத்தோடு வாழ்கிறார். 2022ஆம் ஆண்டு அவர் தொலைபேசியில் எம்மிடம் ஒரு யோசனை கேட்டார். "சுவாமி, இங்கே கத்தோலிக்கக் கல்விச் சபைக்குத் தேர்தல் வருகுது. பள்ளிக்கூடத்துத் தாய்மார் என்னை நிற்கச் சொல்லுகினம். நிற்கட்டோ?" நாம் சற்றும் ஆராயாமல், "பிள்ளை, வேலையும் வீடுமாய் ஓடித் திரிகிற உமக்கு ஏன் இந்தத் தேர்தல் எல்லாம்? வேறு யாராவது நிற்கட்டும்" என்றோம். அவர் நிற்கவில்லை. வேறு ஒருவரும் நிற்கவுமில்லை. பதவியில் இருந்தவரே போட்டியின்றித் தெரிவானார். அன்று நாம் சொன்ன புத்திமதி தவறானது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். ஏன் தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

எமது வாசகர் பலருக்கு இப்பதவி புதியதாக இருக்கலாம். ஒன்ராறியோவில் அரச நிதியில் நடக்கும் பாடசாலைகள் ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க என நான்கு வகையின. கத்தோலிக்கப் பாடசாலைகளின் உரிமைக்கு 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டமே காவலாக நிற்கின்றது. இப்பாடசாலைகளை நடத்தும் 72 பிரதேசக் கல்விச் சபைகளின் உறுப்பினர்களை, நகரசபைத் தேர்தல் நடக்கும் அதே நாளில் மக்களே தெரிவு செய்து வந்துள்ளனர். 2022இல் ரொறன்ரோவின் ஆங்கிலப் பொதுச் சபைக்கு 22 பேரும், ஆங்கிலக் கத்தோலிக்கச் சபைக்கு 12 பேரும் தெரிவாயினர். வேட்பாளர் 18 வயது நிரம்பிய கனேடியப் பிரசையாகவும், அச்சபையின் எல்லைக்குள் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். கத்தோலிக்கச் சபைக்கு நிற்பவர் கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும். கட்டுப்பணம் வெறும் 100 டொலர். பட்டமோ, கட்சியோ, பெரும் பணமோ நிபந்தனை அல்ல.

உறுப்பினர் ஒருவர் தனியாக எந்த அதிபருக்கும் கட்டளையிட முடியாது. சபைக் கூட்டத்தில் அளிக்கும் ஒரு வாக்கே அவருடைய பலம். ஆனால் அந்தக் கூட்டத்தில்தான் வரவு செலவுத் திட்டம் நிறைவேறுகிறது. கல்விப் பணிப்பாளர் நியமிக்கப்படுகிறார். எந்த வீதியில் உள்ள பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போவது என்பது முடிவாகிறது. பணம் குறையும் ஆண்டில் எதை முதலில் வெட்டுவது என்ற கேள்வி எழும். வலது குறைந்த பிள்ளைக்கு உதவியாக இருக்கும் பணியாளரையா, அல்லது காரியாலயச் செலவையா? அந்த நேரத்தில், அப்படிப்பட்ட பிள்ளையின் தாயை நேரில் அறிந்த ஒருவர் மேசையில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல.

எளியோருக்குப் பொதுவாழ்வின் கதவை முதலில் திறந்தவற்றுள் பாடசாலைச் சபையும் ஒன்று என்பதை வரலாறு காட்டுகிறது. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைச் சபைகளை உண்டாக்கியது. பெண்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமையே இல்லாத அக்காலத்தில் அவர்கள் இச்சபைகளுக்குப் போட்டியிட முடிந்தது. அவ்வாண்டே லண்டன் சபைக்கு நின்ற எலிசபெத் கரெட் என்ற பெண் மருத்துவர் 47,858 வாக்குகள் பெற்று வென்றார். ஒரு வாக்காளர் தம்மிடமுள்ள எல்லா வாக்குகளையும் ஒரே வேட்பாளருக்கு அளிக்கலாம் என்ற விதியும் அங்கு இருந்தது. இதனால் சிறுபான்மையினரான கத்தோலிக்கத் தொழிலாளரும் ஒன்றுசேர்ந்து தமது பிரதிநிதியை அனுப்ப முடிந்தது. 1902ஆம் ஆண்டின் சட்டம் இச்சபைகளை ஒழித்து, கல்வியை உள்ளூராட்சி மன்றங்களிடம் கொடுத்தது. அம்மன்றங்களுக்கோ பெண்கள் அப்போது போட்டியிட முடியாது. ஒரு சிறிய சபை மறைந்தபோது எத்தனை பேருடைய குரலும் சேர்ந்து மறைந்தது என்று பாருங்கள்.

இன்றும் இதுவே நடக்கிறது. ஒன்ராறியோ அரசு 1997இல் சபைகளின் எண்ணிக்கையை 129இலிருந்து 72ஆகக் குறைத்தது. வரி விதிக்கும் அதிகாரத்தையும் அவற்றிடமிருந்து எடுத்துக்கொண்டது. நோவா ஸ்கோஷியா மாகாணம் 2018இல், பிரெஞ்சு மொழிச் சபை ஒன்று தவிர, தெரிவு செய்யப்பட்ட பாடசாலைச் சபைகளைக் கலைத்தது. 2025இல் ரொறன்ரோவின் ஆங்கிலப் பொதுச் சபையும் ஆங்கிலக் கத்தோலிக்கச் சபையும் உட்படப் பல சபைகளை ஒன்ராறியோ அரசு தனது மேற்பார்வையாளரின் கையில் ஒப்படைத்தது.

சபைகள் குற்றமற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. 2024இல் ஒன்ராறியோவின் ஒரு கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்த நான்கு உறுப்பினர்கள், புதிய பாடசாலைகளுக்குச் சமயக் கலைப்பொருட்கள் வாங்கவென்று சபையின் செலவில் இத்தாலிக்குப் பயணமானார்கள். வறிய பிள்ளைகளும் படிக்கும் பாடசாலைகளின் பணம் அது. திருச்சபையின் பெயரைத் தாங்கிய ஒரு சபையில் இது நடந்தது என்பதை நாம் வெட்கத்தோடு குறிப்பிடுகிறோம்.

"அப்படியாயின் தகுதியானவர்களை அரசே நியமித்துவிட்டால் நல்லதல்லவா?" என்று சிலர் கேட்பர். நியமிக்கப்பட்டவர் திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் அவர் கணக்குக் கொடுப்பது அமைச்சருக்கு. தெரிவு செய்யப்பட்டவரையோ கடைத்தெருவிலும் கோயில் வாசலிலும் மறித்து, "ஏன் இப்படிச் செய்தீர்?" என்று கேட்கலாம். தவறு செய்தவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அதற்கு இன்னொருவர் நிற்க வேண்டுமே! போட்டியே இல்லாத இடத்தில் வாக்குரிமை வெறும் காகிதம். நல்லவர்கள் ஒதுங்கிய ஆசனத்தில் பொறுப்பற்றவர் அமர்வதும், அதைக் காரணம் காட்டி அரசு ஆசனத்தையே தூக்குவதும் ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடியவை.

எம்மவர் சிலர் இத்தயக்கத்தை வென்றுள்ளனர். 2006இல் நீதன் சான் யோர்க் பிரதேசக் கல்விச் சபைக்குத் தெரிவானார். 2010இல் அதே சபைக்குத் தெரிவான யுவனிதா நாதன் 2022இல் மார்க்கம் நகரசபைக்கும், 2025இல் கனேடியப் பாராளுமன்றத்துக்கும் சென்றார். ஆயினும் வெற்றி மட்டுமே பயன் என்று எண்ண வேண்டாம். தோற்றவரும் நூறு வீட்டுக் கதவுகளைத் தட்டி, நூறு பெற்றோரின் குறைகளைக் கேட்டிருப்பார். வென்றவரும் அவற்றுக்குப் பதில் சொல்ல நேர்ந்திருக்கும்.

எமது சகோதரியின் தயக்கம் கனடாவில் பிறந்ததல்ல. அவர் சிறுமியாக இருந்தபோது இங்கே எமது கிராமத்துப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களைக் கண்டவர். அதிபர் முன்னே வீற்றிருப்பார். தாய்மார் பின்வாங்குகளில் இருப்பர். தெரிவு என்றதும் எல்லோரும் நிலத்தைப் பார்ப்பர். "போன வருசம் இருந்தவையே இருக்கட்டும்" என்று ஒரு குரல் எழும், கூட்டம் கலைந்துவிடும். அக்கூட்டங்களில் நாமும் இருந்தோம். ஒரு தாயின் பெயரையாவது முன்மொழிய எமக்கு வாய் வரவில்லை.

சில வாரங்களுக்கு முன் அச்சகோதரியை மீண்டும் அழைத்தோம். "பிள்ளை, நான் அன்று சொன்னது பிழை. வாய்ப்பு வந்தால் நில்லும். அதுவரை சபைக் கூட்டங்களுக்குப் போய் இருந்து, வரவு செலவைப் படித்துக்கொள்ளும்" என்றோம். அவர் சிரித்துவிட்டு, "சுவாமி, உங்கட பள்ளிக்கூடத்துக் கூட்டம் எப்ப?" என்று கேட்டார். அது அடுத்த மாதம். இம்முறை நாம் ஒரு தாயின் பெயரை முன்மொழிவதாக இருக்கிறோம். அவரிடம் சம்மதமும் கேட்டாயிற்று. வாசகர்களே, உங்கள் ஊர்ப் பாடசாலைக் கூட்டத்துக்கு நீங்கள் யாருடைய பெயரோடு போகப் போகிறீர்கள்?