மரப்பாச்சியும் ஒரு பழைய சண்டையும்

ரொம்ப நாள் கழிச்சு எழுதுறேன். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கமே ஒட்டடை படிஞ்சு கிடந்தது, தட்டிட்டு உட்கார்ந்திருக்கேன். முதல்லயே சொல்லிடறேன், 'பாபிலோன் 5', 'டீப் ஸ்பேஸ் நைன்' ரெண்டோட கதையையும் இதுல போட்டு உடைக்கப் போறேன். இனிமேதான் பார்க்கணும்னு வெச்சிருக்கிறவங்க இப்பவே அப்பீட் ஆயிடுங்க. அப்புறம் பின்னூட்டத்துல வந்து திட்டக் கூடாது :-)

2004 குளிர்காலம், நியூஜெர்சி. பனி கொட்டினா சனி ஞாயிறு எங்கேயும் நகர முடியாது. நானும் என் ரூம்மேட்டும் (மதுரைக்காரன், இப்ப ரெண்டு பிள்ளைக்கு அப்பன், பேரைப் போட்டா கொன்னுடுவான்) ஆளுக்கொரு டிவிடி பெட்டி வாங்கி வெச்சிருந்தோம். என்னுது பாபிலோன் 5. அவனுது டீப் ஸ்பேஸ் நைன், ஸ்டார் ட்ரெக் குடும்பத்துப் பிள்ளை. சமையலும் முறை வெச்சுத்தான், டிவியும் முறை வெச்சுத்தான். என் முறை வந்தா அவன் குறை சொல்லுவான், அவன் முறை வந்தா நான் சொல்லுவேன். அது எங்க ரூமோட எழுதப்படாத சட்டம்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ரெண்டுமே விண்வெளியில ஒரே இடத்துல நிக்கிற நிலையத்தைப் பத்தின கதை. நாயகன் கப்பலேறி ஊர் ஊரா போக மாட்டான், பிரச்சினைதான் கப்பலேறி இவனைத் தேடி வரும். ரெண்டும் 1993ல சில வார இடைவெளியில வெளிவந்தது. பாபிலோன் 5ஐ உருவாக்கின மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி அதுக்குச் சில வருஷம் முன்னாடியே தன் கதையை பாரமவுண்ட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டியிருந்தார். அதனால யாரைப் பார்த்து யார் எடுத்தாங்கன்னு ரசிகர்களுக்குள்ள ஒரு தீராத வழக்கு உண்டு. அதுக்குள்ள போனா இந்தப் பதிவு முடியாது, தாண்டிடுவோம்.

என்கிட்ட ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. "மாப்ள, இது அஞ்சு வருஷத்துக்கு முன்கூட்டியே யோசிச்சு வெச்ச ஒரே கதைடா. 110 எபிசோட்ல 92 அந்த ஒரே ஆளு எழுதினது. மூணாவது, நாலாவது சீசன்ல ஒண்ணு விடாம அவரேதான். உங்காளுங்க மாதிரி வாரா வாரம் எதையாவது கிண்டி இறக்குறதில்ல"ன்னு அடிச்சு விடுவேன். உண்மையும் அதுதான். அந்தக் காலத்து அமெரிக்க டிவியில ஒரு எபிசோட்ல நடந்தது அடுத்த எபிசோட்ல யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த நிலைமையில, முதல் சீசன்ல போற போக்குல சொன்ன ஒரு விஷயம் ரெண்டு வருஷம் கழிச்சு வந்து கழுத்தைப் பிடிக்கும்ங்கிறது பெரிய சங்கதி.

அவன் அதுக்கெல்லாம் அசர மாட்டான். ஒரே வார்த்தைதான் சொல்லுவான்: "மரப்பாச்சி."

முதல் சீசன்ல நிலையத்தோட தளபதி ஜெஃப்ரி சின்க்ளேர். நடிச்சவர் மைக்கேல் ஓ'ஹேர். கட்டைக் குரல், விறைச்ச தோள், முகத்துல பாவம்னு பெரிசா எதுவும் ஓடாது. திரையில அவர் தலை தெரிஞ்சாலே நம்ம ஆளு ஆரம்பிச்சிடுவான். "ஏலே, எங்க ஆச்சி வீட்டு நவராத்திரிக் கொலுவுல இதைவிட நல்லா நடிக்கிற மரப்பாச்சி இருக்குடா." நானும் சிரிப்பேன். சிரிச்சது மட்டுமில்ல, அவனைச் சமாதானப்படுத்த ஒரு பதில் தயார் பண்ணி வெச்சிருந்தேன்: "முதல் சீசனைப் பல்லைக் கடிச்சிட்டுப் பாரு, ரெண்டாவதுல ஆளை மாத்திடறாங்க, புரூஸ் பாக்ஸ்லைட்னர் வந்ததும் கதை எகிறும்." அன்னிக்குப் பாபிலோன் 5 பார்க்கச் சொல்லி யாரை இழுத்தாலும் கூடவே இந்த ஜாமீனும் கொடுப்போம். நாங்க மட்டுமில்ல, உலகம் பூரா இருந்த ரசிகர்கள்ல பாதிப் பேர் இதையேதான் சொல்லிட்டிருந்தாங்க. ஓ'ஹேர் ஏன் போனார்ங்கிறதுக்கும் ஆளாளுக்கு ஒரு காரணம். சேனல்காரங்களுக்குப் பெரிய முகம் தேவைப்பட்டது, நடிப்பு சரியில்லேன்னு தூக்கிட்டாங்க, இப்படி. ரெண்டு தரப்பும் பேசி நல்லபடியா பிரிஞ்சோம்னு மட்டும்தான் ஸ்ட்ராசின்ஸ்கி சொல்லிட்டிருந்தார். யாரும் நம்பல.

2012 செப்டம்பர்ல ஓ'ஹேர் இறந்துட்டார். 2013 மே மாசம் பீனிக்ஸ் நகரத்துல நடந்த ரசிகர் கூட்டத்துல ஸ்ட்ராசின்ஸ்கி உண்மையைச் சொன்னார். முதல் சீசன் படப்பிடிப்பு நடக்கும்போதே ஓ'ஹேருக்குக் கடுமையான மனநோய். இல்லாதது தெரியும், யாரோ தன்னைக் குறிவெச்சிருக்காங்கன்னு தோணும். நீ குணமாகி வர்ற வரைக்கும் சில மாசம் படப்பிடிப்பையே நிறுத்தி வைக்கிறேன்னு ஸ்ட்ராசின்ஸ்கி கேட்டிருக்கார். இவர் ஒத்துக்கல. நிறுத்தினா சீரியலே படுத்துடும், இத்தனை பேர் வேலை போயிடும்னு சொல்லி மீதி எபிசோட்களையும் நடிச்சு முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் சிகிச்சைக்குப் போனார். இந்த ரகசியத்தை நான் சாகிற வரைக்கும் காப்பாத்தறேன்னு ஸ்ட்ராசின்ஸ்கி சொன்னதுக்கு, வேண்டாம், நான் சாகிற வரைக்கும் காப்பாத்தினா போதும், அப்புறம் சொல்லிடு, இந்த நோய் யாருக்கு வேணா வரும்னு நாலு பேருக்குத் தெரியட்டும்னு இவர் சொல்லியிருக்கார்.

படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மரப்பாச்சி, மரப்பாச்சின்னு எத்தனை சனிக்கிழமை சிரிச்சிருப்போம்.

இப்போ நீங்க கேட்கலாம், அதுக்காக அந்த நடிப்பு நல்ல நடிப்பாயிடுமான்னு. ஆகாது. நான் அனுதாப மார்க் போட வரல. திரையில என்ன இருக்கோ அதைத்தான் பார்க்கிறோம், நடிகரோட மெடிக்கல் ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு யாரும் சீரியல் பார்க்க முடியாது. 'இன்ஃபெக்‌ஷன்' எபிசோட் அன்னிக்கும் மொக்கை, இன்னிக்கும் மொக்கை. ஆனா அந்தச் செய்திக்கப்புறம் முதல் சீசனை மறுபடி போட்டுப் பார்த்தப்ப, நான் இத்தனை வருஷம் சொல்லிட்டிருந்த வேற ஒண்ணு ஆட்டம் கண்டுடுச்சு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் துருப்புச்சீட்டு இருக்கே, அஞ்சு வருஷத் திட்டம், அது முதல் வருஷ முடிவிலேயே செத்துப் போச்சு. திட்டத்தோட நடுத்தூணே சின்க்ளேர்தான். தூணை உருவியாச்சு. அதுக்கு முன்னாடி பைலட் படத்துல வந்த டெலிபாத் லைட்டா, சீரியல் ஆரம்பிக்கும்போது காணோம். அவங்க இடத்துக்கு டாலியான்னு ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. அவரும் ரெண்டாவது சீசனோட கிளம்பிட்டார். உடனே பழைய லைட்டாவைத் திரும்பக் கூட்டி வந்தாங்க. நாலாவது சீசன் நடக்கும்போது ஒளிபரப்பின அமைப்பே மூடுற நிலைமை. அஞ்சாவது சீசன் உண்டா இல்லையான்னு தெரியாம, ரெண்டு வருஷக் கதையை ஒரு வருஷத்துல அமுக்கி முடிச்சார். கடைசி நேரத்துல வேற சேனல் கை கொடுத்தது. நாலாவது சீசனுக்காக எடுத்து வெச்ச இறுதி எபிசோடை அப்படியே தூக்கி அஞ்சாவதோட கடைசியில போட்டாங்க. அதனாலதான் அஞ்சாவது சீசன்ல எங்கேயும் தலைகாட்டாத இவானோவா, கடைசி எபிசோட்ல மட்டும் திடீர்னு வந்து நிக்கிறாங்க. என்ன திட்டம் இது? பொம்மலாட்டக்காரன் கயிறு ஒவ்வொண்ணா அறுந்து போச்சு, அவன் பல்லால பிடிச்சு ஆட்டிட்டிருக்கான்!

அப்போ எதைப் பார்த்து நான் அசந்தேன்? ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்து.

முதல் சீசன்ல 'பாபிலோன் ஸ்குவேர்டு'ன்னு ஒரு எபிசோட். காணாமப் போன பாபிலோன் 4 நிலையம் திடீர்னு தோணுது. கடைசியில ஒரு விண்வெளி உடைக்குள்ள வயசான சின்க்ளேர் முகம் தெரியும். அப்போ இருந்த திட்டப்படி அவர் பல வருஷம் கழிச்சு அங்கே வர வேண்டியவர். ஆளே போயாச்சு, இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கிறது? 1996ல ஓ'ஹேர் திரும்ப வந்தார், 'வார் விதவுட் எண்ட்'ங்கிற ரெண்டு பாக எபிசோட்ல. பழைய காட்சிகளையே எதிர்ப்பக்கத்துல இருந்து காட்டினாங்க. அந்த முதுமைக்குக் காலப்பயணத்தோட பாதிப்புன்னு காரணம் சொன்னாங்க. ஆயிரம் வருஷம் பின்னாடி போய், மின்பாரி இனத்தோட மகாபுருஷன் வேலனா ஆனதே இந்த சின்க்ளேர்தான்னு முடிச்சுப் போட்டாங்க. (வேலன்! முதல் தடவை அந்தப் பேரைக் கேட்டப்ப ரெண்டு பேரும் முருகா முருகான்னு கத்தினோம்.) விலகிப் போக வேண்டி வந்த ஒரு நடிகருக்கு, தன்னோட உலகத்துலயே பெரிய நாற்காலியைப் போட்டு உட்கார வெச்சு அனுப்பியிருக்கார் எழுதினவர். 2004ல இதைப் பார்த்தப்ப, அடடா என்ன திட்டம்டான்னு கைதட்டினேன். அது திட்டமே இல்ல, மராமத்து வேலை.

இதை ஒத்துக்கிட்டா மதுரைக்காரன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்குன்னு ஒத்துக்கணும். கஷ்டமா இருக்கு, ஆனா ஒத்துக்கறேன். டீப் ஸ்பேஸ் நைன்ல திட்டமே கிடையாதுன்னு நக்கலடிச்சேனே, அங்கே டமார்னு ஒரு கார்டாசியன். முதல்ல வரும்போது டுக்காட்டோட கப்பல்ல ஒரு அதிகாரி, சில வரி வசனம், அவ்வளவுதான். மூணு வருஷத்துல அவன் குடிகாரனாகி, கைப்பொம்மைத் தலைவனாகி, கடைசியில சொந்த ஜனத்தோட புரட்சிக்குத் தலைமை தாங்கிச் சாகிறான். தையல்கார காரக்கும் அப்படித்தான், முதல் சீசன்ல ஒரே ஒரு எபிசோட். கண்ணெதிரே வளர்ற செடிக்குத் தண்ணி ஊத்தினாங்க. நாங்க சண்டை போட்ட வருஷத்துல நான் இதைக் 'கிண்டி இறக்குறது'ன்னு சொன்னேன். அதே காரியத்தை ஸ்ட்ராசின்ஸ்கி செஞ்சா 'திட்டம்'னு சொன்னேன். நல்லா இருக்குல்ல நியாயம்?

திட்டம்னு வாயால சொல்றது சுலபம். 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வுல சைலான்கள்கிட்ட ஒரு திட்டம் இருக்குன்னு ரொம்ப நாள் வாரா வாரம் டைட்டில்லயே போட்டாங்க. சீரியலே முடிஞ்சு போச்சு, எனக்கு அது என்ன திட்டம்னு விளங்கல. அப்புறம் 2009ல 'தி பிளான்'னு தனிப் படம் எடுத்து விளக்கினாங்க. ஹிஹி.

அதனால இப்போ யாராவது எது தரமான சீரியல்னு கேட்டா, நான் பார்க்கிற இடம் மாறிடுச்சு. நாவல்காரனோட கதாநாயகனுக்கு நிஜத்துல காய்ச்சல் வராது. சீரியல்ல வரும். நடிகர் போவார், சேனல் மூடும், காசு தீரும். அந்த அடி விழுந்த இடத்தைத் தேடிப் போய்ப் பார்க்கிறேன். அந்தக் கணக்குப்படி பார்த்தா பாபிலோன் 5ம் சில இடத்துல தோத்திருக்கு. அஞ்சாவது சீசனோட முதல் பாதியில பைரன்னு ஒரு டெலிபாத் தலைமுடியைக் கோதிட்டே பேசிக்கொல்லுவான். கதையை முன்னாடியே செலவழிச்சுட்டு வெறுங்கையோட நிக்கிறது அப்பட்டமா தெரியும். ஒட்டு அங்கே பல்லிளிக்குது. நான் எந்த ஜாமீனும் தர மாட்டேன்.

2021ல பாபிலோன் 5ஐத் துடைச்சுப் பளிச்சுனு மறுபடி வெளியிட்டாங்க. பழைய டிவிடியில கிராபிக்ஸ் வர்ற காட்சியெல்லாம் மேலயும் கீழயும் வெட்டுப்பட்டுக் கலங்கலா இருக்கும், அது சரியாச்சு. ஒரு ராத்திரி 'அண்ட் தி ஸ்கை ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்' போட்டேன். முதல் சீசன், எட்டாவது எபிசோட். சின்க்ளேரைப் பிடிச்சு வெச்சு மூளைக்குள்ள பொய்யான உலகத்தை ஓட விடுறாங்க. தப்பிச்சு வெளியே வந்த பிறகும் அவருக்கு எது நிஜம்னு தெரியல. சொந்த ஆட்களே எதிரியா தெரியுறாங்க, அவங்களைப் பார்த்தே சுடுறார். டெலன் மெதுவா பேசிப் பேசி அவரைத் திரும்பக் கூட்டி வர்றா. அதே விறைச்ச தோள்தான், அதே கட்டைக் குரல்தான். என்னால அன்னிக்கு மார்க் போட முடியல.

மறுநாள் மதுரைக்காரனுக்கு போன் போட்டு, 2013ல வந்த சேதியைச் சொன்னேன். அவனுக்கு அதுவரைக்கும் தெரியாது. எதிர்முனையில சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன்.

"நாம மரப்பாச்சின்னு சொன்னோமேடா"ன்னான்.

"ஆமாடா மாப்ள."

கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, மறுபடியும் பார்க்கிறேன். ஆனா அந்தக் குத்துச்சண்டை எபிசோட் வருமே, அதுக்கெல்லாம் மன்னிப்பே கிடையாது, சொல்லிட்டேன்"ன்னான். 'டி.கே.ஓ'வைச் சொல்றான். அதுக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன்.