செடியோடு ஊரும் நாளும் எழுதுங்கள்

இரும்பையிலிருந்து மரக்காணம் உப்பளம் வரை உள்ள பெரியோர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும்,

உப்பைத் தாங்கும் செடிகளின் மரபணுவுக்கு இப்போது மவுசு அதிகம். வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் முழு மரபணுத் தொகுதியைப் புவனேசுவரம் உயிர் அறிவியல் நிறுவனமும் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இல் வெளியிட்டன. நம் கழுவெளி உவர்நிலத்தில் வளரும் உமரிச் செடியைப் பறிக்கவும் ஆள் வருவார்கள், வரட்டும். பறித்ததைப் பற்றி என்ன எழுதி வைக்கிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

மாதிரி எடுத்த இடத்தையும் தேதியையும் பன்னாட்டு மரபணுத் தரவு வங்கிகள் 2023 முதல் கட்டாயமாக்கிவிட்டன. நல்லதுதான். ஆனால் இடத்துக்கு 'இந்தியா', தேதிக்கு வெறும் ஆண்டு என்று நிரப்பினாலும் ஏற்றுக்கொள்வார்கள். மரக்காணமும் இந்தியா, இமயமலையும் இந்தியா!

கழுவெளியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நன்னீர் சேர்ந்து உப்பு இறங்கும். சித்திரை வெயிலில் மண் வெளுத்து, உமரி சிவக்கும். செடியின் டி.என்.ஏ. அதேதான். ஆனால் எந்த மரபணு இப்போது வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ. உப்புக்கும் வெயிலுக்கும் தக்கபடி மாறும். காலையில் கிள்ளிய இலையும் உச்சிப் பொழுதில் கிள்ளியதும் ஒரே கணக்கைத் தராது. மாதமும் மணியும் இல்லாத குறிப்பை வைத்து யாரும் ஒப்பிட முடியாது.

மண்ணின் உப்பளவும் அப்படித்தான். மண் பரிசோதனை அட்டையில் உப்பளவைக் காட்ட வரும் ஈ.சி. (மின்கடத்துதிறன்) எண்ணை, மண்ணைக் குழைத்துப் பிழிந்த சாற்றில் அளக்கலாம். ஒரு பங்கு மண்ணில் இரண்டு பங்கு தண்ணீர் கலக்கியும் அளக்கலாம். இரண்டாவது முறையில் எண் குறையும். எந்த முறை என்று எழுதாவிட்டால் உவர்மண் நல்ல மண்ணாகிவிடும்.

ஆகவே நம் பகுதியில் மாதிரி எடுக்கும் எல்லாரும் ஒரே படிவத்தைப் பின்பற்றச் செய்வோம். அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், மணி, ஈ.சி.யும் அளந்த முறையும், அறிவியல் பெயரோடு ஊர்ப்பெயர். உமரி என்று நாம் பல செடிகளைச் சொல்வதால், பூவோடோ காயோடோ ஒரு கிளையை உலர்த்தித் தாவரக் காப்பகத்தில் சேர்ப்பதும் அவசியம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது.

2021 முதல் கழுவெளி பறவைகள் சரணாலயம். வருகிறவர்களிடம் வனத்துறை அனுமதியைக் கேளுங்கள். படிவத்தின் நகல் ஒன்றை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுத்த பிறகே பையைக் கட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரும்பை, மரக்காணம் வட்டாரச் செடி ஆர்வலர்கள்