எட்டரை நிமிடப் பிரியாவிடை

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1979-இல் தொடங்கிய மையம், படிப்பில் புலியான பதின்வயதினரைக் கோடையில் மூன்று வாரம் கல்லூரி விடுதிகளில் தங்கவைத்துப் பாடம் நடத்துகிறது.

கடைசி நாட்களில் பாடம் பின்னுக்குப் போய்விடும். பிரிவதற்கு முன் நடக்கும் நடன இரவை முடித்துவைப்பது டான் மெக்லீனின் 1971-ஆம் ஆண்டுப் பாடல் 'அமெரிக்கன் பை'. எட்டரை நிமிடம் ஓடும். அழுவதற்குத் தாராளமான அவகாசம். பாடத்திட்டத்தில் இல்லாத இந்த வழக்கத்தை மூத்த மாணவர்களே இளையவர்களுக்குக் கைமாற்றிவிட்டுப் போகிறார்கள்.

பள்ளியில் 'படிப்ஸ்' என்று ஓரங்கட்டப்பட்ட பிள்ளைக்குத் தன் ஜாதிக் கிறுக்கர்கள் முதன்முறையாகக் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான். அந்த அழுகையை வயசுக்கோளாறு என்று சிரித்துத் தள்ளுவது நியாயமில்லை. கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர் (உதவித்தொகையும் உண்டு). பெற்றோர் அழுகை அதைக் கட்டும்போதே முடிந்திருக்கும்.