எளிதாக வருவது எல்லாம் தாழ்ந்ததா? டிராப் டி சுருதியை முன்வைத்து

எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்போரிடையே ஒரு பழைய ஏளனம் நிலவுகிறது. ‘டிராப் டி’ என்னும் சுருதியமைப்பில் வாசிப்பவர் விரல் சோம்பேறி. மூன்று விரல்களின் வேலையை ஒரு விரலிடம் ஒப்படைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்பவர் என்பதே அது. கல்லூரி விழாவில் முதன்முறையாக மேடையேறிய மாணவரிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு. ‘முதலில் ஒழுங்கான சுருதியில் வாசிக்கக் கற்றுக்கொள்’ என்று அதட்டும் ஆசிரியர்களும் உண்டு. இசையைப் பற்றிய கருத்துப்போலத் தோன்றும் இந்த ஏளனம், உழைப்பைப் பற்றிய ஒரு நம்பிக்கையின்மீது நிற்கிறது: கடினமானதே மதிப்புடையது, எளிதாக வருவது தாழ்ந்தது. அந்த நம்பிக்கை ஆராயப்பட வேண்டியது.

ஆறு தந்திக் கிட்டாரின் வழக்கமான சுருதி, தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்திவரை, ஈ–ஏ–டி–ஜி–பி–ஈ. இவற்றுள் மிகத் தடித்த ஈ தந்தியை மட்டும் இரண்டு அரைச்சுரம் இறக்கி டி ஆக்கினால் அது டிராப் டி. மற்ற ஐந்தும் தத்தம் இடத்திலேயே இருக்கும். நொடிக்கு ஏறத்தாழ 82.4 முறை அதிர்ந்த தந்தி இப்போது 73.4 முறை அதிரும். முறுக்காணியைச் சற்றே தளர்த்தினால் போதும்.

இச்சிறு மாற்றத்தால் கீழ்ச்சுருதித் தந்திகள் மூன்றும் டி–ஏ–டி என்று அமைகின்றன. கர்நாடக இசை அறிந்தவருக்கு ச–ப–ச என்றால் உடனே விளங்கும்: சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம். வீணையின் பக்கவாட்டில் தாளத்துக்காக மீட்டப்படும் மூன்று தந்திகளும் இதே உறவில்தான் சுருதி சேர்க்கப்படுகின்றன. ராக் இசையில் ‘பவர் கார்ட்’ எனப்படுவதும் இந்தச் சேர்க்கையே. வழக்கமான சுருதியில் அதைப் பிடிக்க ஆள்காட்டி விரல் ஓரிடத்திலும், மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டு ஃபிரெட் தள்ளியும் அமர வேண்டும். டிராப் டி-யில் ஒரே விரலை மூன்று தந்திகளின்மீதும் கிடத்தினால் போதும். எதையும் அழுத்தாமல் மீட்டினாலும் டி-யின் பவர் கார்ட் தானே ஒலிக்கும்.

எலக்ட்ரிக் கிட்டாரில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. டிஸ்டார்ஷன் என்பது ஒலியை வேண்டுமென்றே சிதைப்பது. அவ்வாறு சிதையும்போது, சேர்ந்து ஒலிக்கும் இரு சுரங்களின் அதிர்வெண் வேறுபாடும் ஒரு புதுச் சுரமாக எழுகிறது. டி-யின் 73.4-உம் ஏ-யின் 110-உம் சேர்கையில், வேறுபாடு ஏறத்தாழ 36.6, அதாவது கீழ் டி-க்கும் ஒரு ஸ்தாயி கீழே. எவரும் மீட்டாத ஒரு டி அடியிலிருந்து அதிர்கிறது. சட்ஜமும் பஞ்சமமும் ஏறத்தாழ 2:3 என்ற உறவில் நிற்பதால் இது இயல்வதாகிறது. அந்தரகாந்தாரத்தையும் சேர்த்தால் அதே சிதைவில் ஒலி கலங்கிவிடும். டிராப் டி-யின் கனத்துக்கு அடிப்படை இந்த உறவுதான். விரலின் வசதி அதனோடு சேர்ந்து கிடைத்தது.

இதைச் சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு என்றால் வரலாறு ஒப்பாது. மின்சாரக் கிட்டார் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, ஸ்பெயினில் பிறந்த ஃபெர்னாண்டோ சோர் (1778–1839) தம் ‘கிராண்ட் சோலோ’வை ஆறாம் தந்தியை டி-க்கு இறக்கி வாசிக்குமாறு எழுதினார். ஃபிரான்சிஸ்கோ தாரெகாவின் (1852–1909) ‘கப்ரிச்சோ அராபே’யும் அவ்வாறே அமைந்தது. அவற்றை வாசிக்கும் செவ்வியல் கலைஞரை எவரும் விரல் சோம்பேறி என்பதில்லை. 1968-இல் ரிஷிகேஷில் தங்கியிருந்த ஜான் லெனன், உடனிருந்த டோனோவனிடம் தந்திகளை விரல்களால் தனித்தனியே மீட்டும் முறையைக் கற்றார். அங்கே பிறந்த ‘டியர் புரூடன்ஸ்’ பாடலும் டிராப் டி-யில்தான் இருக்கிறது: டி நிலையாக ஒலித்துக்கொண்டிருக்க, அதனோடு இன்னொரு சுரவரிசை படிப்படியாக இறங்குகிறது. அதில் கனமும் இல்லை, கர்ஜனையும் இல்லை. ஆகவே ஏளனத்தின் இலக்கு சுருதியமைப்பு அன்று என்பது தெளிவு. மேட்டுக்குடி மேடையில் நுட்பமாகக் கருதப்படும் அதே செயல், இரைச்சலான மேடையில் குறுக்குவழி ஆகிவிடுகிறது.

மொழியியலில் இதே வழக்கு நெடுங்காலம் நடந்திருக்கிறது. பேச்சில் ஒலிகள் தேய்வதைக் கண்டு, நாக்கின் சோம்பலால் மொழி கெடுகிறது என்று வருந்தியவர்கள் பலர். ஆனால் தேய்மானம் கணக்கின் ஒரு பக்கம் மட்டுமே. பேச்சுத் தமிழில் ‘அவன்’ என்பதன் இறுதி னகரம் மறைகிறது. ‘அவள்’ என்பதன் இறுதி ளகரமும் மறைகிறது. இரண்டும் ஒன்றாகிவிட்டனவா என்றால் இல்லை. மறைந்த னகரம் தன் மூக்கொலியை முன்னுள்ள உயிரின்மீது ஏற்றிவிட்டே செல்கிறது. எழுத்தில் இல்லாத மூக்கின உயிர் என்னும் வேறுபாடு பேச்சில் பிறக்கிறது. ஆண்பாலையும் பெண்பாலையும் காதுக்குப் பிரித்துக் காட்டுவதில் அதற்குப் பங்குண்டு. ஓரிடத்தில் மிச்சமான உழைப்பு வேறோரிடத்தில் நுட்பமாகத் திரும்பி வந்திருக்கிறது.

டிராப் டி-யின் சிறந்த பாடல்களும் இப்படித்தான் கேட்கின்றன. கேரளத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற பெற்றோருக்குச் சியாட்டிலில் 1960-இல் பிறந்தவர் கிம் தாயில். அவர் கிட்டார் வாசித்த சவுண்ட்கார்டன் குழுவின் ‘அவுட்ஷைன்ட்’ (1991), ‘ஸ்பூன்மேன்’ (1994) ஆகிய இரண்டும் டிராப் டி-யில் அமைந்தவை. இரண்டின் முதன்மை ரிஃபும் ஏழு எண்ணிக்கையில் சுழல்கிறது. நான்கின் நடைக்குத் தலையாட்டிப் பழகியவர் எட்டாவதை எதிர்பார்க்கும் இடத்தில் ரிஃப் மறுபடி தொடங்கிவிடும். மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழு புதிதன்று. ராக் இசையின் பெருவழியில் அது அரிது. இடக்கையின் பிடி எளிதானபோது கவனம் தாளத்துக்குச் சென்றது என்று இதை வாசிக்க இடமிருக்கிறது. ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் ‘கில்லிங் இன் தி நேம்’ (1992) அதே சுருதியில் சினத்தைச் சொன்னது. ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் ‘எவர்லாங்’ (1997) அதே சுருதியில் ஏக்கத்தைச் சொன்னது.

மறுதரப்பின் நியாயத்தையும் பேசியாக வேண்டும். இரண்டு அரைச்சுரம் இறங்கும்போது அந்தத் தந்தியின் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. தளர்ந்த தந்தியை ஓங்கி மீட்டினால் தொடக்கத்தில் சுருதி சற்று ஏறி ஒலிக்கும். ஃபிரெட்டில் உரசி இரையும். சற்றே தடித்த தந்தி மாட்ட வேண்டிவரும். ஆறாம் தந்தியில் பழகிய சுரங்கள் எல்லாம் இரண்டு ஃபிரெட் மேலே நகர்ந்துவிடும்; மூன்றாம் ஃபிரெட்டில் இருந்த ஜி ஐந்தாம் ஃபிரெட்டுக்குப் போய்விடும். டிராப் டி-யை மட்டுமே அறிந்தவர் மற்றவரோடு சேர்ந்து வாசிக்கையில் தடுமாறுவார். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. ஒரு விரல் ஏறி இறங்குவது எளிதாக இருப்பதால், கை போகும் வழியிலேயே பாட்டும் போய்விடும். ஒன்றைப்போலவே ஒன்று ஒலிக்கும் எத்தனையோ ரிஃபுகள் அவ்வாறு பிறந்தவையே.

ஆயினும் இக்குறை டிராப் டி-க்கு மட்டும் உரியதன்று. ஜி, சி, டி என்று மூன்று கார்டுகளுக்குள் சுற்றிவரும் ஆயிரம் பாடல்கள் வழக்கமான சுருதியின் தேய்ந்த தடத்தில் நடப்பவை. ‘ஒழுங்கான சுருதி’ எனப்படுவதும் வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுதான். தந்திக்குத் தந்தி ஐந்து அரைச்சுர இடைவெளி வைத்துக்கொண்டே வந்து, ஜி-க்கும் பி-க்கும் இடையே மட்டும் அதை நான்காகக் குறைத்திருக்கிறார்கள். இல்லையேல் ஆறு தந்திகளிலும் கார்டு பிடிப்பது விரல்களுக்குப் பெரும்பாடாகிவிடும். ஒரு தலைமுறையின் வசதி அடுத்த தலைமுறைக்கு இலக்கணமாகிவிட்டது. இலக்கணமான பிறகு அது வசதியாக இருந்ததே மறந்துபோயிற்று.

எளிமையை இகழ்வதில் இன்னொரு அநீதியும் இருக்கிறது. பர்மிங்ஹாமின் தகட்டுத் தொழிற்சாலையில் 17 வயதில் இரு விரல் நுனிகளை இழந்தவர் டோனி அயோமி. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளை மாட்டினார். பிளாக் சபாத் குழுவின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ (1971) தொகுப்பின் பல பாடல்களில் எல்லாத் தந்திகளையும் மூன்று அரைச்சுரம் இறக்கினார். அது டிராப் டி அன்று. ஆனால் கைக்கு இசைவாகக் கருவியை மாற்றும் அதே துணிவு. ஹெவி மெட்டல் என்னும் இசைவகையின் ஒலியே அந்தக் காயப்பட்ட கையிலிருந்து வந்தது. சிறிய கைகள் உடைய பெண்பிள்ளைகள், விலை மலிந்த கிட்டாரின் உயர்ந்து நிற்கும் தந்திகளோடு போராடும் மாணவர்கள், ஆசிரியர் கிடைக்காத ஊர்களில் தாமே கற்பவர்கள் ஆகியோருக்கு, முதல் மாதத்திலேயே முழுமையாக ஒலிக்கும் ஒரு கார்டு கிடைப்பது சிறிய செய்தியன்று. பலர் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போவது அந்த முதல் மாதத்தில்தான்.

ஆகவே ஆசிரியர்கள் செய்யத்தக்கது எளியது. தொடக்கத்திலேயே டிராப் டி-யைக் கற்பிக்கலாம். பின்னர் அதே ரிஃபை வழக்கமான சுருதியில் வாசிக்கச் சொல்லலாம். கீழ் டி அங்கே கிடைக்காது, மூன்று விரல்கள் வேண்டும், வேகம் குறையும், ஆனால் பழைய பிடிகள் எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பும். எது கிடைத்தது, எது போயிற்று என்பதை மாணவர் தம் கையாலேயே அறிந்துகொள்வார். அதன்பின் எந்தப் பாட்டுக்கு எந்தச் சுருதி என்பதை அவரே முடிவு செய்யட்டும். விரல் எத்தனை என்று எண்ணுவதை விட்டு, அந்த விரல் என்ன சொல்கிறது என்று கேட்பதே கேட்பவரின் கடமை.